பலகையில் ஒரு வார்த்தை. கைநழுவியது ஒரு சீசன்

வியாபாரம் என்றதும் முதல், சரக்கு, விலை, கடன், இலாபம் என்பவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. கடையின் பின்பக்கத்தில் மலசலகூடக் கதவில் தொங்கும் ஓர் அறிவித்தல் பலகை நமது வருமானத்தைக் கூட்டும், குறைக்கும் என்று எவராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். நானும் அப்படிச் சிரித்தவன்தான். அதற்காக நான் கொடுத்த விலை என்ன என்பதை வியாபாரச் சகோதரர்களோடு பகிர்ந்துகொள்வதற்கே இந்தக் கட்டுரை.

மாவனல்லைக்கு அண்மையில் கொழும்பு - கண்டி வீதியோரமாக எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பின்னவல யானைகள் சரணாலயத்தைப் பார்த்துவிட்டுக் கண்டிக்குப் போகும் உல்லாசப் பயணிகளின் வேன்களும் சிறிய பஸ்களும் அந்த வழியால்தான் போகும். இந்த வாகனங்கள் ஏன் ஒரு கடையில் நிற்கின்றன, அடுத்த கடையில் நிற்பதில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? புரியாணியின் ருசிக்காக என்று நாம் நினைப்போம். உண்மை அதுவல்ல. நீண்ட தூரம் வந்த பயணி இறங்கியதும் முதலில் கேட்பது மலசலகூடம் எங்கே என்றுதான். அது சுத்தமாக இருந்தால் தேநீர் குடிப்பார். தேநீர் நன்றாக இருந்தால் சாப்பாடு கேட்பார். வழிகாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

இதை விளங்கிக்கொண்டுதான் 2016ஆம் ஆண்டு கடன் பட்டுக் கடையின் பின்பக்கத்தைத் திருத்திக் கட்டினேன். ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு இரண்டு என்று மலசலகூடங்கள். பக்கத்தில் தொழுகை அறை. அதன் முன்னால் நான்கு பைப்புகள் பூட்டி, நீளமாக ஒரு சிமெந்து வாய்க்கால் வைத்து வுழூ செய்யும் இடம். மாபிள் எல்லாம் நல்லதாகப் போட்டேன். கடைசியில் மிஞ்சியது பலகைகள். அவற்றைப் பற்றி ஐந்து நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, "இதையெல்லாம் இங்கிலீஷில் போட்டுத் தாங்க" என்று பலகை அடிக்கும் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே வேலை செய்த பொடியனும் தனக்குத் தெரிந்த மாதிரிப் போட்டுத் தந்தான். வுழூ செய்யும் இடத்துக்கு மட்டும் ஒரு மார்க்கப் புத்தகத்தில் பார்த்து 'அப்லூஷன்' என்ற சொல்லை நானே எழுதிக் கொடுத்தேன். பெரிய எழுத்தில், பச்சை நிறத்தில், அழகாக வந்தது.

அன்று நடந்தது

2017 டிசம்பர் மாதம். நல்ல சீசன். ஒரு பகல் 14 பேர் கொண்ட குழு ஒன்று வந்து இறங்கியது. மாதத்தில் ஆறேழு குழுக்களை என்னிடம் கூட்டி வரும் வழிகாட்டி ஒருவர்தான் அவர்களையும் கொண்டுவந்தார். 14 சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகப் பின்பக்கம் போனார்கள். அவர்களில் வயதான தென்னாபிரிக்கத் தம்பதியர் இருவரும் இருந்தார்கள்.

சிறிது நேரத்தில் பின்பக்கம் பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். ளுஹருக்கு வுழூ செய்ய வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆத்திரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிறார். அந்த வெளிநாட்டுக்காரர் முகம் சிவந்து, ஒன்றும் விளங்காமல் நிற்கிறார். அவர் வுழூ செய்யும் வாய்க்காலைச் சிறுநீர் கழிக்கும் இடம் என்று நினைத்துப் பாவித்துவிட்டார்.

எனக்கும் ஆத்திரம்தான் வந்தது. நானும் இரண்டு வார்த்தை உரத்துச் சொன்னேன். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. தலைக்கு மேலே இருந்த பலகையைக் கையால் காட்டினார். அதில் இருப்பதை ஒரு தடவை வாசித்தார். மன்னிப்புக் கேட்டார். பிறகு மனைவியையும் கூட்டிக்கொண்டு வேனில் போய் ஏறிவிட்டார். அவரைத் தனியாக விட்டுவிட்டுச் சாப்பிட மற்றவர்களுக்கும் மனம் வரவில்லை. 14 பேரின் சாப்பாடும் மேசையில் அப்படியே இருந்தது.

போகும்போது வழிகாட்டி என்னிடம் சிங்களத்தில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "முதலாளி, அந்த மனிதர் பிழை செய்யவில்லை. போர்டில் அப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள்?" அந்த சீசன் முடியும் வரை அவருடைய வாகனம் ஒன்றுகூட என் கடை வாசலில் நிற்கவில்லை. அவருக்குத் தெரிந்த மற்ற வழிகாட்டிகளின் வாகனங்களும் அப்படித்தான்.

சேர் சொன்ன விளக்கம்

எனக்குப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்த சேர் ஒருவர் ஓய்வுபெற்று ஊரிலேயே இருக்கிறார். அவரைக் கூட்டி வந்து பலகையைக் காட்டினேன்.

"இந்தச் சொல்ல யார் தந்த மகன்?"

"புத்தகத்தில இருந்த சேர். பிழையா?"

"புத்தகத்தில இருந்தா அது சரிதான். ஆனா இந்தப் போர்டை வாசிக்கிறவர் அந்தப் புத்தகத்தைப் படிச்சவரா எண்டு யோசிச்சீங்களா?"

பிறகு அவர் விளக்கிச் சொன்னார். நமது மார்க்க நூல்களை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் வுழூவுக்கு 'அப்லூஷன்' என்ற சொல்லைப் பாவிக்கிறார்கள். ஆனால் சாதாரண ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பழக்கம் இருக்கிறது. ஆங்கிலேயரின் இராணுவ முகாம்களில் 'அப்லூஷன்ஸ்' என்றால் கழுவும் இடம், குளிக்கும் இடம், மலசலகூடம் எல்லாம் சேர்ந்த கட்டடம். தென்னாபிரிக்காவில் கூடாரமடித்துத் தங்கும் முகாம்களில் இன்றும் மலசலகூடமும் குளியலறையும் உள்ள கட்டடத்துக்கு 'அப்லூஷன் ப்ளொக்' என்றுதான் பெயர். அந்த மனிதர் தன் வாழ்நாள் முழுவதும் எந்தச் சொல்லைப் பார்த்து எந்த இடத்துக்குப் போனாரோ, அதே சொல்லைப் பார்த்துத்தான் என் கடையிலும் போயிருக்கிறார். அவரை நான் ஏசியிருக்கிறேன்!

அந்தப் பலகையை அன்றே கழற்றினேன். இப்போது அங்கே இருக்கும் வாசகம் இது: "வுழூ ஏரியா. போர் வொஷிங் பிபோர் ப்ரேயர். டொய்லட்ஸ் ஆர் ஒன் த லெப்ட்." தொழுகைக்கு முன் கழுவும் இடம், மலசலகூடம் இடப்பக்கம் என்று பொருள். இடப்பக்கம் காட்டும் அம்புக்குறியும் உண்டு. வேண்டாம், கூடாது என்று ஒரு சொல்கூட இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வந்தவருக்கு வேண்டிய இடம் எது என்று காட்டிவிட்டால் அவர் மற்ற இடத்துக்கு ஏன் போகப்போகிறார்?

அந்த அறைக்கு என்ன பெயர்?

சேரை அழைத்தது ஒரு பலகைக்காக. அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். முதலில் கேட்டது, "ஒரே இடத்துக்கு ஏன் மகன் மூன்று பெயர்?" என்பதுதான். வீதியில் இருந்த பலகையில் 'வொஷ்ரூம்', நடைபாதையில் 'டொய்லட்', கதவில் 'பாத்ரூம்' என்று போட்டிருந்தேன்.

இந்த அறையின் பெயரைச் சொல்ல எல்லாச் சமூகமும் கூச்சப்படுகிறது. நாமும் மலசலகூடம், கழிப்பறை, கழிவறை என்கிறோம். ஊர்ப் பேச்சில் சொல்லும் 'கக்கூஸ்' ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். ஆங்கிலம் பேசுபவர்களும் அப்படித்தான். அமெரிக்கர் 'ரெஸ்ட்ரூம்' என்பார். அவருக்கு 'டொய்லட்' என்றால் அறையல்ல, உள்ளே இருக்கும் பீங்கான். கனடாக்காரர் 'வொஷ்ரூம்' என்பார். இந்தியாவிலிருந்து வருபவர்களும் இப்போது அதிகமாக அப்படியே சொல்கிறார்கள். இங்கிலாந்துக்காரர் வீட்டில் 'லூ' என்பார். பொது இடத்தில் 'டொய்லட்ஸ்' என்று எழுதுவார். பிலிப்பைன்ஸ் நாட்டவர் 'கம்பர்ட் ரூம்' என்பார்.

எதை எழுதுவது? நம் நாட்டுக்கு வருபவர்கள் யார் என்று பாருங்கள். 2018ஆம் ஆண்டு 23 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் வந்தார்கள். பல கஷ்டங்களுக்குப் பின் 2024இல் மீண்டும் அந்தத் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு முதலிடம் இந்தியர்களுக்கு, அடுத்தது ரஷ்யர்களுக்கு, மூன்றாவதுதான் பிரித்தானியர். ஜேர்மனியரும் சீனரும் அவர்களுக்குப் பின்னால். ஆக, நமது ஆங்கிலப் பலகையை வாசிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. நம்மைப் போலவே படித்துக்கொண்டவர்கள். எனவே எல்லா நாட்டவருக்கும் தெரிந்த, சிறிய, பழகிய சொல்தான் சரி. அது 'டொய்லட்ஸ்'. வாசலிலிருந்து கதவு வரை அந்த ஒரே சொல் இருக்கவேண்டும்.

கதவுகளுக்கு 'மென்', 'விமன்' என்றோ, 'ஜென்ட்ஸ்', 'லேடிஸ்' என்றோ போடலாம். ஒன்றைத் தெரிவு செய்தால் அதன் சோடியையே போடுங்கள். ஓரெழுத்தில் எழுதுவதை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஜேர்மனியில் ஆண்கள் கதவில் 'எச்' என்ற எழுத்தும் பெண்கள் கதவில் 'டி' என்ற எழுத்தும் இருக்கும். நமது 'எம்', 'எப்' எல்லோருக்கும் உடனே விளங்கும் என்று நினைக்கக்கூடாது.

நாம் நினைப்பதும் அவர்கள் வாசிப்பதும்

அடுத்து வாசகங்கள். எனது பலகைகளில் இருந்த பிழைகளைச் சேர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். என் கடையில் மட்டுமல்ல, நமது பல கடைகளில் இவை இன்னும் தொங்குகின்றன. ஆங்கில வாசகங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

முதலாவது, தண்ணீர் ஊற்றிவிடுவது பற்றியது. என் பலகையில் 'பிளாஷ்' என்று இருந்தது. அது கெமராவில் பளிச்சென்று அடிக்கும் வெளிச்சம். வரவேண்டியது 'பிளஷ்'. ஆங்கிலத்தில் ஓரெழுத்துத்தான் வித்தியாசம். சரியான வாசகம்: "ப்ளீஸ் பிளஷ் ஆப்டர் யூஸ்."

இரண்டாவது, பைப்பை மூடுவது. நாம் தமிழில் பைப்பைத் திறக்கிறோம், மூடுகிறோம். அதை அப்படியே 'க்ளோஸ் த பைப்' என்று எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் 'பைப்' என்பது சுவருக்குள் போகும் குழாய். கையால் திருகுவது 'டெப்'. அதைத் திறப்பதும் மூடுவதும் இல்லை. 'டேர்ன் ஒன்', 'டேர்ன் ஓப்' என்பார்கள். சரியான வாசகம்: "ப்ளீஸ் டேர்ன் ஓப் த டெப்."

மூன்றாவது, கடதாசி போடுவது. இதுதான் நமக்குப் பெரிய தலையிடி. நாம் தண்ணீரால் கழுவுகிறோம். அவர்கள் கடதாசி பாவிக்கிறார்கள். நமது குழாய்கள் அதற்காகப் போடப்பட்டவை அல்ல. அடைத்துக்கொண்டால் செலவு நமக்கு. நான் எழுதியிருந்தது, 'கொமோட்டுக்குள் பேப்பர் எறிவது கண்டிப்பாகத் தடை' என்ற பொருளில் ஒரு நீண்ட வசனம். இங்கிலாந்தில் 'கொமோட்' என்றால் நோயாளிக்காகப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கும், அடியில் சட்டி உள்ள கதிரை. சரியான வாசகம்: "ப்ளீஸ் டோன்ட் பிளஷ் பேப்பர். த பைப்ஸ் ஆர் நாரோ. ப்ளீஸ் யூஸ் த பின்." குழாய் ஒடுக்கம் என்று காரணத்தைச் சொல்லிவிட்டோம், கடதாசியை எங்கே போடுவது என்றும் சொல்லிவிட்டோம். ஆனால் ஒன்று, கூடை அங்கே இருக்கவேண்டும். அதற்கு மூடி இருக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் அதை வெறுமையாக்க ஓர் ஆள் இருக்கவேண்டும். கூடை இல்லாத இடத்தில் பலகை வைத்துப் பயனில்லை.

நான்காவது, பழுதானால் வைப்பது. 'நொட் வேர்க்கிங் கண்டிஷன்' என்று எழுதி வைத்திருந்தேன். அவர்கள் எழுதுவது மூன்றே சொல்: "அவுட் ஒப் ஓடர்." முன்னால் 'சொரி' என்று ஒரு சொல் சேர்த்தால் இன்னும் நல்லது.

ஐந்தாவது, நிலம் ஈரமாக இருக்கும்போது வைப்பது. "கோஷன். வெட் ப்ளோர்." இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. வழுக்கி விழுந்தபின் வாசிக்கும் நீண்ட வசனத்தால் எவருக்கும் பிரயோசனம் இல்லை.

ஆறாவது, சுத்தம் பற்றியது. 'சுத்தத்தைப் பேணுவதற்குத் தங்கள் ஒத்துழைப்பைத் தயவுடன் வேண்டுகிறோம்' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி, 'கைன்ட்லி', 'கோஒப்பரேட்' எல்லாம் போட்டிருந்தேன். 'கைன்ட்லி' என்பது நமது பழைய கந்தோர்க் கடிதங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சொல். நாம் மரியாதை என்று நினைத்து எழுதுகிறோம். இன்றைய ஆங்கிலேயரின் காதுக்கு அது எரிச்சலோடு சொல்வது போலப் படும். 'ப்ளீஸ்' ஒன்றே போதும். "ப்ளீஸ் கீப் திஸ் டொய்லட் க்ளீன். தேங்க் யூ."

இன்னுமொன்று, கதவுப் பூட்டில் வரும் சொல். சில பூட்டுகளில் உள்ளே ஆள் இருந்தால் 'என்கேஜ்ட்' என்று சிவப்பில் வரும். நிச்சயதார்த்தத்துக்குச் சொல்லும் அதே சொல்தான். என் கடைப் பொடியன்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிழையென்று நினைத்து அதைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள். அது சரியான பிரித்தானிய வழக்கு. அமெரிக்கப் பூட்டில் 'ஒக்கியுபைட்' என்று இருக்கும். ஆள் இல்லாவிட்டால் இரண்டிலும் 'வேகன்ட்' தான்.

நாம் மட்டுமா?

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியது அல்ல. 2008 ஒலிம்பிக் போட்டிக்கு முன்னர் சீனாவின் பீஜிங் நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான மலசலகூடங்களின் பலகைகளில் 'உருக்குலைந்த மனிதன்' என்று பொருள்படும் ஆங்கிலம் இருந்தது. உலகமே வரப்போகிறது என்றதும் நகர நிர்வாகம் இப்படியான பலகைகளைத் தேடித் தேடி மாற்றியது. ஈரத் தரையில் 'கவனமாக வழுக்கி விழவும்' என்று பொருள்படும் பலகைகளும் அங்கே பிரசித்தம். சீன மொழியில் 'தரை' என்பதற்குரிய எழுத்தே, 'கவனமாக' என்பதில் வரும் 'ஆக' போன்ற விகுதியையும் குறிக்கும். அதனால் 'கவனம், தரை வழுக்கும்' என்ற வசனம் மொழிபெயர்ப்பில் 'கவனமாக வழுக்கவும்' என்று மாறிவிட்டது. ஒவ்வொரு சொல்லும் அகராதிப்படி சரி, வசனம்தான் பிழை. கடைசியில் பொது இடங்களின் ஆங்கிலத்துக்கென்றே சீனா தேசிய மட்டத்தில் ஒரு தர நியமத்தை வெளியிட்டு, 2017 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இப்போது அந்த மலசலகூடத்துக்கு உலகெங்கும் எழுதும் சொல் 'எக்ஸசிபிள் டொய்லட்'.

சீனர்களைப் பார்த்துச் சிரிக்க முன் நமது நாட்டைப் பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் பெயர்ப்பலகைகளில் நமது தமிழ் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். பஸ் ஆசனமொன்றில் கர்ப்பிணித் 'தாய்மார்' என்பது ஓரெழுத்து மாறி 'நாய்மார்' ஆகிவிட்ட கதையை மறந்திருக்கமாட்டீர்கள். அதைப் பார்த்து நமக்கு எவ்வளவு வேதனை! அறிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சடித்திருக்கக்கூடாதா என்று கேட்டோம். அதே கேள்வியை அந்தத் தென்னாபிரிக்கப் பெரியவர் என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

நமது தமிழ் மட்டும் சரியா?

எல்லாம் முடிந்து போகப்போகும்போது சேர் ஒரு தமிழ்ப் பலகைக்கு முன்னால் நின்றார். 'அசுத்தம் செய்யாதே. வாடிக்கையாளர் தவிர்ந்த எவரும் உள்ளே வராதே' என்று எழுதியிருந்தது.

"மகன், நான் உள்ளுக்குப் போகலாமா? நான் இண்டைக்கு ஒண்டும் வாங்கல்லயே" என்று கேட்டுச் சிரித்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பலகையைத் தினமும் வாசிப்பவர்கள் யார்? என் வயதுக்கு மூத்தவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவரும் தாய்மார்கள், எனக்குப் படிப்பித்தவர்கள். அவர்களை நேரில் கண்டால் 'வாங்க, இருங்க' என்று சொல்பவன், பலகையில் மட்டும் 'வராதே', 'செய்யாதே' என்கிறேன். ஆங்கிலம் தெரியாததால் ஆங்கிலப் பலகையில் பிழை விட்டேன் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ப் பலகைக்கு என்ன சாட்டுச் சொல்வது?

அதையும் மாற்றினேன். 'மலசலகூடம் பாவிக்க விரும்புவோர் காசாளரிடம் சொல்லுங்கள். சுத்தமாக வைத்திருக்க உதவுங்கள்' என்று இப்போது இருக்கிறது. சிங்களத்தில் இருந்ததும் அதே தொனிதான். பக்கத்துக் கடைச் சிங்கள நண்பர் ஒருவர் மரியாதையாக எழுதித் தந்தார். கண்டவரெல்லாம் வந்து பாவிப்பார்களே, தண்ணீர்க் கட்டணம் கூடுமே என்று பயந்தேன். வந்தார்கள்தான். அப்படி வருபவர்களில் அநேகர் ஒரு தண்ணீர்ப் போத்தலாவது, ஒரு பிளேன்டீயாவது வாங்காமல் போவதில்லை. சும்மா பாவித்துவிட்டுப் போக நமது மக்களுக்கும் மனம் வராது.

பலகை அடிக்கக் கொடுக்குமுன்

என் அனுபவத்தில் கண்ட சில விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. படத்தை முதலில் வையுங்கள், எழுத்தை அதற்குக் கீழே வையுங்கள். விமான நிலையங்களில் காணும் ஆண், பெண் உருவங்கள் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்துக்காக 1974இல் வரையப்பட்ட 34 குறியீடுகளைச் சேர்ந்தவை. அவற்றை எவரும் இலவசமாகப் பாவிக்கலாம். மீசை, உதடு, தொப்பி, செருப்பு என்று புதுமை காட்டப் போனால் அவசரத்தில் வருபவர் கதவு மாறிப் போய்விடுவார்.

2. ஒரு பலகையில் ஒரு விடயம்தான் இருக்கவேண்டும். எட்டுச் சட்டங்களை ஒரே பலகையில் எழுதினால் ஒன்றையும் வாசிக்கமாட்டார்கள்.

3. முடிந்தவரை 'செய்யாதீர்கள்' என்பதைவிட 'இப்படிச் செய்யுங்கள்' என்று எழுதுங்கள். தடுத்தே ஆகவேண்டுமானால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். தண்டனை, தண்டம், பொலிஸ் எல்லாம் சாப்பாட்டுக் கடைக்குப் பொருந்தாது.

4. கைத்தொலைபேசியில் மொழிபெயர்க்கும் வசதி இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் தமிழ் வசனத்தைக் கொடுத்து 'ஆங்கிலமாக்கு' என்று கேட்காதீர்கள். இப்படியான இடத்தில் இங்கிலாந்தில் என்ன எழுதியிருப்பார்கள் என்று கேளுங்கள். வரும் விடையை ஆங்கிலம் அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஊரில் ஓர் ஆங்கில ஆசிரியராவது இருப்பார்.

5. அச்சடிக்க முன் வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதி இரண்டு நாள் ஒட்டிப் பாருங்கள். வருபவர்கள் சரியான கதவுக்குப் போகிறார்களா, தடுமாறுகிறார்களா என்று கவனியுங்கள். தாளை மாற்றச் செலவில்லை.

6. பலகை அடிக்கும் கடையில் கொடுக்கும்போது எழுத்துக்கூட்டலை உங்கள் கையால் தெளிவாக எழுதிக் கொடுங்கள். அடித்து முடிந்ததும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கவேண்டும்.

எனது பலகைகள் எல்லாவற்றையும் மாற்ற முடிந்த செலவு, அன்று வீணாகிப்போன அந்த 14 சாப்பாட்டின் பெறுமதியை விடக் குறைவு. அந்த வழிகாட்டியை அடுத்த வருடம் தேடிப் போய்ச் சந்தித்து, நடந்தது என் பிழை என்று சொன்னேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சில வாரங்களின் பின் ஒரு வேனோடு வந்தார். கடைக்குள் வராமல் நேரே பின்பக்கம் போனார். பலகைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு வெளியே வந்து வேனின் கதவைத் திறந்துவிட்டார்.

அந்தத் தென்னாபிரிக்கப் பெரியவரை மட்டும் மீண்டும் காணக் கிடைக்கவில்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். அதற்குப் பதிலாக அவர்தான் என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

சகோதரர்களே, இந்த வாரம் கடையைத் திறந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். முதலாளியாக அல்லாமல், தூரத்திலிருந்து முதல் தடவை வரும் ஒரு விருந்தாளியாக உங்கள் கடையின் பின்பக்கம் போங்கள். அங்கே இருக்கும் ஒவ்வொரு பலகையையும் சத்தமாக வாசியுங்கள். உங்கள் முன்னால் நிற்கும் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தைகளைச் சொல்ல உங்களுக்கு மனம் வருமா என்று யோசியுங்கள். வராவிட்டால் அந்தப் பலகையை அன்றே கழற்றிவிடுங்கள்.